மூன்றாம் அட்டவணை

அமீருதீனின் பெயர் அச்சில் வந்தது. அதுவும் இங்கிலீஷில், டாக்டர்கள் மட்டும் படிக்கிற வைத்தியப் பத்திரிகை ஒன்றில். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், பதிவேடுகளைக் கவனமாக வைத்திருந்து உதவிய கம்பவுண்டருக்கு நன்றி என்று டாக்டர் திருமலை எழுதி, பக்கத்தில் பெயரையும் போட்டிருந்தார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த பவழ மார்க் பெயிண்ட் கம்பெனியின் டிஸ்பென்சரியில் ஒன்பது வருஷமாக மருந்து கலக்கிக்கொண்டிருந்தவனுக்கு, 1952-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் கிடைத்திருக்க முடியாது. டாக்டர் கொடுத்த நாலு பக்கத் தனிப்பிரதியைக் கசங்காமல் டிபன் கேரியருக்கும் சட்டைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சைக்கிளை வண்ணாரப்பேட்டைக்கு மிதித்தான்.

அவன் மனைவி சபீஹா அந்தப் பொடி எழுத்தை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். சந்தோஷம்தான் அவளுக்கும். ஆனால் உடனே ஒரு கேள்வி கேட்டாள்.

"பேரு சரி. உள்ள இன்னா எழுதிக்கீறாரு டாக்டரு?"

அமீருதீன் அதுவரை கடைசிப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. மருந்துச் சீட்டின் இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாக்கியமாக வருகிற இங்கிலீஷ்தான் கொஞ்சம் வழுக்கும். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, மறுநாளிலிருந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தான்.

கம்பெனி தயாரித்தது கப்பல்களின் அடிப்பக்கத்துக்குப் பூசுகிற சிவப்பு வர்ணம். காரீயத்தைச் சுட்டு எடுக்கிற சிவப்புப் பொடியை அரைப்பதற்கென்று தனி ஷெட். செகப்பு ஷெட் என்று பெயர். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசைகிற நோவு வரும், ஈறில் நீலக்கோடு விழும், முற்றிப்போனால் மணிக்கட்டு துவண்டு தொங்கிவிடும். அதனால் பழைய டாக்டர் காலத்திலிருந்தே ஓர் ஏற்பாடு இருந்தது. இரண்டு மாதம் செகப்பு ஷெட், அடுத்த இரண்டு மாதம் டப்பா அடைக்கிற ஷெட். ஆட்கள் அதை மாத்தல் என்பார்கள்.

போன வருஷக் கடைசியில் புதிதாக வந்த டாக்டர் திருமலையின் கட்டுரை செகப்பு ஷெட்டின் வயிற்று நோவைப் பற்றியது. மூன்றாம் அட்டவணையில் விஷயம் இருந்தது. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள் நாற்பது பேர். அவர்களில் பதினாலு பேருக்கு நோவு. ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இருபத்துமூன்று பேர். நோவு மூன்றே பேருக்கு. முதல் கூட்டத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து, இரண்டாவதில் நூற்றுக்குப் பதின்மூன்று. ஆகவே நாளாக ஆக உடம்பு காரீயத்துக்குப் பழகிக்கொள்கிறது என்று முடித்திருந்தார். அமீருதீனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கள் குடிக்கிறவனுக்குக் கள் பழகவில்லையா, உப்பளத்தில் நிற்கிறவனுக்கு வெயில் பழகவில்லையா?

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். விஞ்ஞான ஆராய்ச்சியின் முடிவை ஒட்டி, மாத்தல் நிறுத்தப்படுகிறது. அனுபவமுள்ளவர்கள் இனி அரவையிலேயே நிரந்தரமாக இருப்பார்கள். மேஸ்திரி ஜெயவேல் அதை உரக்கப் படித்துக் காட்டினான். படித்து முடித்ததும், நம்ம கம்பவுண்டர் பாய் எழுதி வைத்த புத்தகத்திலிருந்து எடுத்ததுதான் எல்லாம் என்று பெருமையாகவே சொன்னான்.

அதற்குப் பிறகு டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களின் முகம் மாறிப்போனது. ஒருவன் மருந்துச் சீசாவை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். இன்னொருவன் என்ன மருந்து, எதற்கு என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, வெளியே போய் மணலில் கொட்டியதை அமீருதீன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஒன்பது வருஷமாக அவனிடம் வந்து வீட்டுச் சண்டை வரைக்கும் சொல்லிவிட்டுப் போன மனிதர்கள், இப்போது அவன் பேனாவை எடுத்தாலே வாயை மூடிக்கொண்டார்கள். நோவைச் சொன்னால் எழுதுவான், எழுதினால் அது எங்கே போகுமோ என்று நினைத்தார்கள். அவனுக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் வந்தது. நான் என்ன பொய்யா எழுதினேன் என்று சபீஹாவிடம் இரண்டு நாள் பொருமினான்.

அந்தக் கோபம் வேறு திசையில் திரும்பியதற்குக் காரணம் பொட்டலக் காகிதம்.

டாக்டர் படித்து முடித்த பழைய பத்திரிகைகளை டிஸ்பென்சரிக்குப் போட்டுவிடுவார். பேதியுப்பையும் சோடாவையும் வெள்ளைத்தாளில் மடித்து, மேலே அந்தப் பக்கங்களைச் சுற்றிக் கொடுப்பது அமீருதீனின் வழக்கம். ஒரு மத்தியானம் அப்படிக் கிழித்த பக்கத்தில் பத்திரிகை ஆசிரியருக்கு வந்த கடிதங்கள் இருந்தன. யாரோ ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ மலைத்தோட்டத்தில் இரத்தசோகைக்கு ஒரு டானிக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியைப் பற்றிய சண்டை. முதல் பக்கத்தில் இருநூறு பேருக்கு டானிக் கொடுக்க ஆரம்பித்ததாகச் சொல்கிறார், கடைசி அட்டவணையில் நூற்று நாற்பது பேர்தான் இருக்கிறார்கள், மீதி அறுபது பேர் எங்கே போனார்கள் என்று கேட்டிருந்தார் கடிதக்காரர். குணமாகாமல் வேலையை விட்டு ஓடினவர்களா? செத்துப்போனவர்களா? அது தெரியாமல் டானிக் வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

அமீருதீன் மடிப்பதை நிறுத்திவிட்டான். டாக்டர்கள் இப்படி ஒருவரையொருவர் நம்பாமல் கேள்வி கேட்டுக்கொள்வார்கள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அச்சில் வந்துவிட்டால் அது முடிந்த விஷயம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அலமாரிக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடந்த பத்திரிகைகளை இழுத்துப் போட்டு, கட்டுரைகளை விட்டுவிட்டுக் கடிதங்களை மட்டும் தேடிப் படித்தான். இரண்டு வாரம் அதுவே வேலையாகப் போனது. ஒரு கடிதம், நோயாளிகளைக் கேள்வி கேட்டது யார், கேட்கும்போது பக்கத்தில் தோட்டத்து மானேஜர் நின்றாரா என்று கேட்டது. இன்னொன்று, ஒப்பிட்ட இரண்டு கூட்டமும் தொடக்கத்தில் ஒரே மாதிரியானவர்கள்தானா என்று கேட்டது. வெறும் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு நூற்றுக்கு இத்தனை என்று கணக்குச் சொல்வது என்ன நியாயம் என்று ஒருவர் கேலி பண்ணியிருந்தார். படிக்கப் படிக்க அமீருதீனுக்குக் கை பரபரத்தது. இந்தக் கேள்விகளை எல்லாம் நம் கட்டுரையிடம் யாரும் கேட்கவில்லையே என்று தோன்றியது.

தானே கேட்டான். நாலு பக்கத்தையும் மறுபடி விரித்துவைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியாக விசாரிக்கப்பட்டார் என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்ததும் அவன் அகராதியை மூடினான். விசாரித்த நாள் அவனுக்கு ஞாபகம் இருந்தது. செகப்பு ஷெட்டின் வாசலில் மேஜை போட்டார்கள். டாக்டர் கேட்டார், அமீருதீன் எழுதினான். மேஸ்திரி ஜெயவேல் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்றான். பழைய ஆட்கள் டாக்டருக்குப் பதில் சொல்லும்போது ஜெயவேலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனது இவன் கைதான். ஜெயவேல் நின்றது இவனுக்கும் தெரியும். அன்றைக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

பிறகு அந்த இருபத்துமூன்று பேர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தவர்கள் இருபத்துமூன்று பேர்தானா? அலமாரியைத் திறந்து பழைய பதிவேடுகளை எடுத்தான். ஷெட் ஆரம்பித்த நாற்பத்துநாலு, பிறகு நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, மூன்று வருஷத்திலும் செகப்பு ஷெட்டில் சேர்ந்தவர்களை விரல் வைத்து எண்ணினான். அறுபத்து நாலு பேர். அவர்களில் நாற்பத்தொரு பேரின் பெயருக்கு நேரே சிவப்பு மசியில் 'நின்றுவிட்டார்' என்று எழுதியிருந்தது. எழுத்து அவனுடையது.

நோவு தாங்காதவன் வேலையை விட்டுவிட்டால், ஷெட்டில் மிஞ்சியிருப்பவன் தாங்கினவன்தான். மிஞ்சினவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி எண்ணிவிட்டு, உடம்பு பழகிவிட்டது என்று எழுதியாகிவிட்டது. அப்படித்தானா? அல்லது இது அவனுடைய சந்தேகம் மட்டும்தானா? நாற்பத்தொரு பேரும் வேறு நல்ல வேலை கிடைத்துப் போனவர்களாகவும் இருக்கலாமே. பதிவேட்டில் காரணம் எழுதுகிற பழக்கம் இல்லை. உட்கார்ந்த இடத்தில் யோசித்துக்கொண்டிருந்தால் எதுவும் தெரியாது என்று புரிந்தது. நாற்பத்தொரு பெயரையும் விலாசத்தோடு ஒரு நோட்டில் நகல் எடுத்துக்கொண்டான்.

முதலில் போனது வியாசர்பாடிக்கு, அப்பாவுவின் வீட்டுக்கு. அப்பாவு ஆறு வருஷம் அரவையில் வேலை செய்தவன். போன வருஷம்தான் நின்றுவிட்டான். வாசலில் உட்கார்ந்து இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். வலது கை மடியில் கிடந்தது, மணிக்கட்டிலிருந்து கீழே துவண்டு. அமீருதீனைப் பார்த்ததும் அவன் முகத்தில் சிரிப்பு வரவில்லை. அவன் பெண்சாதி கெங்கம்மா ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கம்பெனியிலிருந்து எதில் கையெழுத்து வாங்க வந்திருக்கிறான் என்று பார்க்கிற நிற்பு அது.

அமீருதீன் வந்த விஷயத்தைச் சொன்னான். அட்டவணையைப் பற்றியும் சொன்னான். அப்பாவு முழுவதையும் கேட்டுவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"ஆறு வருசம் அங்கதானே பாய் கெடந்தேன். இந்தக் கையி அங்கதானே போச்சு. என்னிய எந்தக் கட்டத்துல போட்டீங்க?"

எந்தக் கட்டத்திலும் இல்லை என்று அமீருதீன் சொன்னான். என்னோடு வேலையை விட்டவர்களில் மூன்று பேர் இருக்கிற இடம் எனக்குத் தெரியும் என்றான் அப்பாவு.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரைக்கும் அமீருதீன் வெள்ளிக்கிழமைத் தொழுகை போக மீதி ஓய்வு நேரத்தையெல்லாம் சைக்கிள் மேலேயே கழித்தான். தண்டையார்பேட்டை, புளியந்தோப்பு, எண்ணூரில் மீனவர் குப்பம், சடையங்குப்பத்தில் முழங்கால் சேறு. சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். சில வீடுகளில் நாயை அவிழ்த்து விட்டார்கள். ஒரு வீட்டில் ஆள் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது; வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேலையை விட்டான், பிறகு ஜன்னி கண்டு செத்தான் என்றார்கள். வேலையை விட்டதற்குக் காரணம் வயிற்று நோவு என்று மட்டும் எழுதிக்கொண்டான். சாவுக்குக் காரணம் காரீயம் என்று எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. ஜன்னி எதனால் வந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இதற்குள் விஷயம் சங்கச் செயலாளர் ஜஹாங்கீரின் காதுக்குப் போய்விட்டது. ஜஹாங்கீரும் அமீருதீனும் ஒரே தெருவில் கோலி விளையாடி வளர்ந்தவர்கள். மாத்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி சங்கம் ஏற்கெனவே பாக்டரி இன்ஸ்பெக்டருக்கு மனுக் கொடுத்திருந்தது. ஜஹாங்கீர் தானாக ஒரு பட்டியல் வைத்திருந்தான்: காரீயத்தால் கெட்டுப்போனவர்கள் ஐம்பத்திரண்டு பேர். இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று உற்சாகமாக வந்தான். அமீருதீன் அந்தப் பட்டியலையும் அதே கேள்விகளோடு பார்த்தான். பதினொரு பேர் செகப்பு ஷெட் பக்கமே போகாதவர்கள். பாய்லரிலும் கேட்டிலும் வேலை பார்த்தவர்கள். இரண்டு பேர் பட்டப்பெயரிலும் சொந்தப் பெயரிலுமாக இரண்டிரண்டு தடவை வந்திருந்தார்கள். நோவு இருக்கிறதா என்று தேடிப்போய் எடுத்த பட்டியல் என்பதால், நோவு இல்லாதவன் ஒருவன்கூட அதில் இல்லை. இது ஆகாது என்று திருப்பிக் கொடுத்தான்.

ஜஹாங்கீர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தபடி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"மாமு, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. நீ நம்ம ஆளா, அவுங்க ஆளா?"

அமீருதீன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அந்தக் கேள்வியே மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

ஷெட்டில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்த இருபத்துமூன்று பேரையும் அவன் விடவில்லை. கேட்டுக்கு வெளியே, ஜெயவேல் இல்லாத இடமாகப் பார்த்து, ஒவ்வொருவராகத் திரும்ப விசாரித்தான். மூன்று என்று அட்டவணை சொன்ன இடத்தில் ஒன்பது பேர் நோவு இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சபீஹாவிடம் போய், எப்படிக் கேட்டேன், எப்படிச் சொன்னார்கள் என்று நடித்தே காட்டினான். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"இல்லன்னு சொன்னவங்க கிட்ட நீங்க திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கீங்க. ஆமான்னவங்கள ஒரே வாட்டியில வுட்டுட்டீங்க."

உண்மைதான். ஜெயவேல் கதவோரம் நின்றதைப் போலத்தான் இவனும் எதிரே நின்றிருக்கிறான். ஜெயவேலுக்கு இல்லை என்கிற பதில் வேண்டும், இவனுக்கு ஆமாம் வேண்டும். அந்த ஒன்பதை நோட்டில் அடித்துவிட்டு, டாக்டரின் மூன்றையே திரும்ப எழுதினான்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் செப்டம்பர் கடைசி என்று முடிவானது. அதற்கு மூன்று நாள் முன்பு துறைமுக வாசலில் பஷீரைக் கண்டுபிடித்தான். நாலு வருஷத்துக்கு முன்பு வேலையை விட்டுக் காணாமல் போன பஷீருக்கு நிச்சயம் கை போயிருக்கும் என்று ஷெட்டில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பஷீர் ராயபுரம் பக்கமிருந்து தள்ளுவண்டியில் கயிற்றுக்கட்டு ஏற்றி, வேர்க்க வேர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தான். கையை விரித்துக் காட்டினான், ஈறைக் காட்டினான். ஒரு குறையும் இல்லை. துறைமுகத்தில் மச்சான் வேலை வாங்கிக் கொடுத்தான், வந்துவிட்டேன் என்றான். அவனைக் கண்டதை இப்போதைக்குச் சொல்லாமல் விடேன், மூன்று நாள்தானே என்று விஷயம் தெரிந்து வந்த ஜஹாங்கீர் கேட்டான். அமீருதீன் நோட்டைத் திறந்து, அவன் கண்ணெதிரிலேயே, வேறு காரணம், உடம்பு சுகம் என்று எழுதினான்.

அன்று சாயங்காலமே டாக்டர் திருமலையிடமும் போனான். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது என்று நினைத்தான். டாக்டர் நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"இருக்கிறவங்களைத்தான் நான் எண்ண முடியும் அமீருதீன். இல்லாதவங்களை எப்படி எண்ணுறது?"

"நடந்து போயி எண்ணலாம் சார். நான் போனேன்."

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. நோட்டு என்னிடம் இருக்கட்டும், இதை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் டிஸ்பென்சரி அலமாரிக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி கம்பெனி மானேஜரிடம். பழைய பதிவேடுகள் எதையும் இனி தொட முடியாது. பூட்டைப் பார்த்த நிமிஷம் அமீருதீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. டாக்டர் நோட்டை வாங்கிக்கொண்டார், மானேஜரிடம் சொன்னார், கதவைச் சாத்திவிட்டார்கள். அவன் வீட்டில் இன்னொரு நகல் வைத்திருந்தது தற்செயல். சபீஹாவின் தங்கை மகள் கையெழுத்துப் பழகட்டும் என்று அவளை விட்டு எழுதச் சொன்னது. அதையும் யாராவது தேடி வருவார்களோ என்று அரிசிப் பானைக்கு அடியில் வைத்தான். அதோடு கெங்கம்மாவும் ஆள் அனுப்பியிருந்தாள்: ஒரு கார் வந்தது, யாரோ துரை மாதிரி உடுத்தினவர் அப்பாவுவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார், பயமாயிருக்கிறது. அமீருதீனுக்கும் பயம்தான். சாட்சிகளை மிரட்டுகிறார்கள் என்று நினைத்தான்.

விசாரணை மானேஜரின் அறையில் நடந்தது. இன்ஸ்பெக்டர் வயசானவர், சளி பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜஹாங்கீர் தன் ஐம்பத்திரண்டையே வாசித்தான். மானேஜர் மூன்றாம் அட்டவணையை வாசித்தார். அதன் பிறகு அமீருதீனைக் கூப்பிட்டார்கள். அவன் நின்றுகொண்டே, தமிழில், எண்ணினதை மட்டும் சொன்னான். மூன்று வருஷத்தில் சேர்ந்தவர்கள் அறுபத்து நாலு. இப்போதும் இருப்பவர்கள் இருபத்துமூன்று, அவர்களில் டாக்டர் கணக்குப்படி நோவு மூன்று பேருக்கு. போனவர்கள் நாற்பத்தொன்று. அவர்களில் கண்டுபிடித்தது முப்பத்துமூன்று பேரை. பத்தொன்பது பேர் நோவாலோ கை விழுந்தோ போனவர்கள். பதினாலு பேர் வேறு காரணத்துக்குப் போனவர்கள்.

மீதி எட்டுப் பேர் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியாதுங்க. தேடினேன், கெடைக்கல."

தெரியாதவர்கள் எல்லாம் சுகமாகத்தான் இருப்பார்கள் என்றார் மானேஜர். சாகக் கிடப்பார்கள் என்றான் ஜஹாங்கீர். அந்த எட்டுப் பேரும் கல் மாதிரி சுகமாக இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று அமீருதீன் சொன்னான். அப்படி வைத்தாலும் பத்தொன்பதும் மூன்றும் இருபத்திரண்டு. அறுபத்து நாலு பேரில் மூன்றில் ஒருவருக்கு மேல். பழகினவர்கள் என்று அட்டவணை சொல்கிற கூட்டம் சேர்ந்தபோது எப்படி இருந்தது, எவ்வளவு உதிர்ந்து இப்படி ஆனது என்பது அதில் இல்லை.

ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் போய் எழுதிக்கொண்டு வந்ததை எப்படி நம்புவது என்று மானேஜர் இங்கிலீஷில் கேட்டார். இன்ஸ்பெக்டர் டாக்டரின் பக்கம் திரும்பினார். அமீருதீன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும் என்று நினைத்தான்.

"நானும் நம்பலை," என்றார் டாக்டர் திருமலை. "அவன் பட்டியலிலிருந்து ஆறு பேரை நானே பொறுக்கினேன். அவனுக்குச் சொல்லாம, கார்ல போய்ப் பார்த்தேன். ஆறும் அவன் எழுதினபடியே இருந்தது."

டாக்டர் தொடர்ந்து, தன் கட்டுரையின் முடிவுக்கு இனி தான் பொறுப்பேற்க முடியாது என்றும், பூட்டுப் போட்டது தன் யோசனை இல்லை என்றும் சொன்னார். பூட்டைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காமலே எதற்குச் சொன்னார் என்று அமீருதீன் அந்த நேரத்திலும் யோசித்தான்.

அக்டோபர் நடுவில் உத்தரவு வந்தது. மாத்தல் பழையபடி இருக்க வேண்டும். வேலையை விடுகிறவர்கள் ஏன் விடுகிறார்கள் என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஷெட்டில் ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அமீருதீனை வேலையை விட்டு எடுக்கவில்லை. உத்தரவில் அவன் சாட்சியம் இருந்ததால் உடனே கை வைக்கத் தயங்கினார்கள் போலிருக்கிறது. ஆனால் பதிவேடு அவனிடமிருந்து போய்விட்டது. எழுதுவதற்கென்று ஆபீஸிலிருந்து ஒரு குமாஸ்தா வந்து உட்கார்ந்தான். இவனுக்கு மருந்து கலக்குவது மட்டும்தான். டாக்டர் வழக்கம்போல வாரம் இரண்டு நாள் வந்தார், சீட்டு எழுதினார், போனார். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருப்பதாக ஒரு தடவை சொன்னார். அது எப்போது வரும் என்று அமீருதீன் கேட்கவில்லை. வந்தால் எண்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான்.

மருந்து வாங்க வருகிறவர்கள் சீசாவை முகர்வது நின்றது. அதற்கும் சில வாரம் பிடித்தது.

பதிவேடு கையில் இல்லாவிட்டாலும், வயிற்று நோவுக்குக் கொடுக்கிற பேதியுப்பு எத்தனை பொட்டலம் போகிறது என்பது அவனுக்குத் தெரியாமல் போகுமா? மடிப்பவன் அவன்தானே. ஆகஸ்டில் ஒரு வாரத்துக்கு முப்பதுக்குக் குறையாது. டிசம்பரில் பன்னிரண்டு, பதினொன்று. ஜஹாங்கீர் அதைக் கேள்விப்பட்டதும் சங்கத்து ஆபீஸுக்குப் போகிற வழியில் டிஸ்பென்சரி ஜன்னலோரம் வந்து நின்றான். விசாரணைக்குப் பிறகு அவன் அமீருதீனோடு சரியாகப் பேசியதில்லை. இப்போது பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. மாத்தலால் நோவு பாதிக்கு மேல் குறைந்தது என்று நோட்டீஸ் அடிக்கப் போகிறோம், உன் பொட்டலக் கணக்கையும் போடலாமா என்று கேட்டான்.

அமீருதீனுக்குப் போடு என்று சொல்ல ஆசையாக இருந்தது. அரும்பாடுபட்டு வாங்கின மாத்தல். ஆனால் நவம்பர் மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்து அரவை பத்து நாள் நின்றிருந்தது. கப்பல் ஆர்டரும் குறைவு. பொடி முன்னைப்போல் பறக்கவில்லை. ஈரக் காற்றில் பொடி அடங்கிக் கிடந்ததோ என்னவோ. எதனால் எவ்வளவு குறைந்தது என்று எப்படிப் பிரிப்பது?

"இப்ப போடாத ஜஹாங்கீர். வெயில் காலம் வரட்டும், அரவை முழுசா ஓடட்டும். அப்பவும் கொறைஞ்சிருந்தா போடு."

ஜஹாங்கீர் சலித்துக்கொண்டான். உன்னை வைத்துக்கொண்டு ஒரு நல்ல சேதியைக்கூட நிம்மதியாகச் சொல்ல முடியாது என்றான். ஆனாலும் போகவில்லை, ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்று, வெயில் காலம் என்றால் எந்த மாதத்திலிருந்து எண்ண வேண்டும் என்று கேட்டான். சித்திரையிலிருந்து என்று சொல்லிவிட்டு, அமீருதீன் அடுத்த பொட்டலத்துக்குத் தாளை எடுத்தான்.